பக்கத்துக் கட்டடத்தின் பட்டம்

ஒவ்வோர் ஆண்டும் எம்.எஸ்ஸி. இறுதிப் பருவத் தேர்வு நெருங்கும்போது, இரண்டு மூன்று மாணவிகள் என் அறை வாசலில் வந்து நிற்பார்கள். கையில் ஒரு நோட்டு. அதில் கோடு போட்டுப் பிரித்த பத்திகள். ஒன்றில் பிஎச்.டி., இன்னொன்றில் கிளினிக்கல் படிப்பு, சிலரிடம் மூன்றாவதாக அமெரிக்காவில் தருகிற சை.டி. என்ற பட்டம். “மேம், எதுக்குப் போகலாம்?” என்பதுதான் கேள்வி. சென்ற ஆண்டு வந்த மாணவியின் நோட்டில் நான்காவது பத்தி ஒன்றும் இருந்தது. அதன் தலைப்பு ‘வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்’. மற்ற மூன்றையும் விட அதில்தான் அதிகமாக எழுதியிருந்தாள்.

அந்தப் பத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். உளவியலில் முதுகலை முடித்தபோது எனக்கும் ஆய்வு செய்ய ஆசை. உளவியல் துறை இருந்த பல்கலைக்கழகம் வேறு ஊரில். விடுதியில் தங்க வேண்டும். எங்கள் ஊரிலேயே, பேருந்தில் நாற்பது நிமிடத்தில், ஒரு கல்லூரியில் கல்வியியலில் பிஎச்.டி. செய்ய இடம் கிடைத்தது. “அதுவும் டாக்டர் பட்டம்தானே? நீ எடுத்துக்கொள்ளப் போவது அதே தலைப்புதானே?” என்றார் அப்பா. தலைப்பு உண்மையில் அதேதான்: குழந்தைகளின் தேர்வு அச்சம். படித்த நூல்கள் உளவியல் நூல்கள், பயன்படுத்திய அளவுகோல்கள் உளவியல் அளவுகோல்கள். பட்டத்தில் மட்டும் கல்வியியல் என்று அச்சிட்டிருந்தது. உளவியல் கற்பிக்க அது தடையாக இல்லை. பல ஆண்டுகள் கழித்து ஆய்வு நெறியாளர் அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்தபோதுதான் தடையானது. ‘முனைவர் பட்டம் வேறு பாடத்தில் பெறப்பட்டுள்ளது’ என்று ஒற்றை வரியில் விண்ணப்பம் திரும்பி வந்தது. உளவியலில் ஒரு பெண்ணையாவது முனைவராக்கும் தகுதி எனக்கு இன்றுவரை இல்லை.

அதற்குப் பிறகுதான் மேரி விட்டன் கால்கின்ஸின் கதையை நிதானமாகப் படித்தேன். பாடப்புத்தகத்தில் அவர் ஒரு வரியில் வருவார்: அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவர், 1905. அந்த ஒரு வரிக்குப் பின்னால், எந்தக் கட்டடத்தின் பெயரில் பட்டம் வாங்குவது என்ற கேள்வி இருக்கிறது. என் மாணவிகளுக்கு நான் சொல்வது அந்தக் கதையைத்தான்.

*

உளவியல் அப்போது இளம் துறை. ஜெர்மனியின் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் அமைத்தது 1879இல். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதைப் பின்பற்றின. முனைவர் பட்டமும் ஜெர்மனியிலிருந்து வந்த வழக்கம்தான். வாஸர், ஸ்மித், வெல்லஸ்லி போன்ற பெண்கள் கல்லூரிகள் இளங்கலை வரை பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தின. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் ஆண்களின் பல்கலைக்கழகத்துக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

முதலில் தட்டியவர்களில் ஒருவர் கிறிஸ்டீன் லாட். வாஸரில் படித்த கணிதக்காரர். 1878இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். அவருடைய கணிதக் கட்டுரைகளை முன்பே படித்திருந்த பேராசிரியர் சில்வெஸ்டர் பரிந்து பேசியதால் அனுமதி கிடைத்தது. 1882இல் முனைவர் பட்டத்துக்கான எல்லாவற்றையும் முடித்தார். பல்கலைக்கழகம் பெண்ணுக்குப் பட்டம் தராது என்றார்கள். அவர் திருமணம் செய்துகொண்டு லாட்-ஃபிராங்க்ளின் ஆனார். ஜெர்மனிக்குப் போய் ஆய்வுக்கூடங்களில் வேலை செய்தார். 1892இல் நிறப் பார்வை குறித்துத் தன் கோட்பாட்டை முன்வைத்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அவருக்குப் பட்டம் கொடுத்தது 1926இல், அது தன் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடியபோது. அப்போது அவருக்கு வயது 78. இடையில் நாற்பத்து நான்கு ஆண்டுகள்.

கால்கின்ஸின் கதை தொடங்கும் இடம் இன்னும் நமக்கு நெருக்கமானது. 1863இல் பிறந்த அவர், ஸ்மித் கல்லூரியில் படித்துவிட்டு 1887இல் வெல்லஸ்லி கல்லூரியில் கிரேக்க மொழி கற்பிக்கச் சேர்ந்தார். புதிய பாடமான உளவியலைக் கற்பிக்க அந்தக் கல்லூரிக்கு ஆள் வேண்டியிருந்தது. ஓராண்டு உளவியல் படித்து வந்தால் உனக்கே அந்த வேலை என்றார்கள். எங்கே போய்ப் படிப்பது? ஜான் டூயி இருந்த மிச்சிகனைப் பற்றி யோசித்தார். யேல் பற்றியும் யோசித்தார். ஆனால் அவருடைய குடும்பம் மாசசூசெட்ஸில் நியூட்டன் என்ற ஊரில் இருந்தது. ஹார்வர்ட் அங்கிருந்து போய்வரும் தூரம். அவருடைய நோட்டிலும் அந்தப் பத்தி இருந்திருக்கிறது.

ஹார்வர்ட் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாது. வில்லியம் ஜேம்ஸும் ஜோசையா ராய்ஸும் தங்கள் வகுப்பில் அவர் உட்காரலாம் என்றார்கள், நிர்வாகம் மறுத்தது. கால்கின்ஸின் தந்தை ஒரு மனு எழுதினார். வெல்லஸ்லி கல்லூரித் தலைவரின் கடிதமும் கூடவே போனது. 1890 அக்டோபரில் நிர்வாகம் இறங்கி வந்தது: வகுப்புக்கு வரலாம், ஆனால் அவர் இந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆகமாட்டார். இருபத்தேழு வயதுப் பெண், மூன்று ஆண்டு ஆசிரியர் அனுபவம் உள்ளவர், வகுப்பின் ஓரத்தில் உட்காரத் தந்தையின் மனு தேவைப்பட்டது.

ஜேம்ஸின் கருத்தரங்க வகுப்பில் இருந்த ஆண் மாணவர்கள் சில வாரங்களில் ஒவ்வொருவராக விலகிவிட்டார்கள். கடைசியில் நூலகக் கணப்பின் ஒருபுறம் ஜேம்ஸ், மறுபுறம் கால்கின்ஸ். ஜேம்ஸின் ‘உளவியலின் கோட்பாடுகள்’ அந்த ஆண்டுதான் வெளிவந்திருந்தது. அதை எழுதியவரிடமிருந்தே, ஒரே மாணவியாக அவர் கற்றார். பதிவேட்டில் அவர் மாணவி இல்லை.

1891இல் வெல்லஸ்லிக்குத் திரும்பி அங்கே ஓர் உளவியல் ஆய்வுக்கூடம் அமைத்தார். பிறகு, ஹார்வர்டுக்குப் புதிதாக வந்திருந்த ஹூகோ மூன்ஸ்டர்பெர்கின் ஆய்வுக்கூடத்தில், மறுபடியும் விருந்தாளியாக, வேலை செய்தார். நிறங்களையும் எண்களையும் இணை இணையாகக் காட்டி, பிறகு ஒன்றைக் காட்டி மற்றதை நினைவுகூரச் சொல்லும் முறையை அங்கேதான் உருவாக்கினார். இன்றும் நினைவாற்றல் ஆய்வுகளில் பயன்படும் முறை அது. எங்கள் செய்முறை வகுப்பில் ஒவ்வொரு மாணவியும் அதைச் செய்துதான் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறாள்.

கால்கின்ஸைப் பட்டத்துக்கான மாணவராக ஏற்குமாறு 1894இல் மூன்ஸ்டர்பெர்க் நிர்வாகத்துக்கு எழுதினார். மறுத்தார்கள். 1895 மே மாதம், துறைப் பேராசிரியர்களே கூடி, அதிகாரப்பூர்வமற்ற முறையில் அவருக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நடத்தினார்கள். ஜேம்ஸும் ராய்ஸும் மூன்ஸ்டர்பெர்கும் இருந்த குழு அது. ஹார்வர்டில் நடந்த முனைவர் தேர்வுகளிலேயே மிகச் சிறந்தது இதுதான் என்று ஜேம்ஸ் பின்னர் எழுதினார். தகுதி எல்லாம் நிறைவாக இருக்கிறது என்று குழு ஒருமனதாக அறிவித்தது. ஹார்வர்ட் பட்டம் கொடுக்கவில்லை.

*

இங்கேதான் பக்கத்துக் கட்டடம் வருகிறது.

ஹார்வர்ட் பேராசிரியர்கள் தனியாக வந்து பெண்களுக்குப் பாடம் நடத்திய ஓர் ஏற்பாடு 1879 முதல் இருந்தது. 1894இல் அது ராட்க்ளிஃப் கல்லூரி ஆனது. 1902இல் ராட்க்ளிஃப், ஹார்வர்டில் ஆய்வை முடித்துப் பட்டம் பெறாமல் நின்ற நான்கு பெண்களுக்கு முனைவர் பட்டம் தர முன்வந்தது. கால்கின்ஸ் அவர்களில் ஒருவர். மற்ற மூவரும் ஏற்றுக்கொண்டார்கள். ‘வாங்கிக்கொள்’ என்று மூன்ஸ்டர்பெர்கே வற்புறுத்தினார்.

கால்கின்ஸ் மறுத்தார். அவர் எழுதிய பதிலின் சாரத்தைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கோபமே இல்லாத பதில் அது. மற்ற மூவரின் புலமையை மதிக்கிறேன். அவர்களோடு சேர்த்து எண்ணப்படுவது எனக்கு மகிழ்ச்சிதான். நடைமுறையில் இந்தப் பட்டத்தை ஹார்வர்ட் பட்டத்துக்குச் சமமாகவே உலகம் எடுத்துக்கொள்ளும். பட்டம் இல்லாதது எனக்கு அவ்வப்போது சங்கடமாகவும் இருக்கிறது. இவ்வளவையும் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மறுத்தார். தான் படித்தது ஹார்வர்டில், ராட்க்ளிஃபில் இல்லை. பெண்களுக்கென்று பக்கத்தில் ஒரு பட்டம் இருந்துவிட்டால் ஹார்வர்ட் தன் கதவைத் திறக்க வேண்டிய தேவையே இருக்காது என்பதை அவர் கண்டிருந்தார். எளிய வழியை எடுப்பது தனக்குச் சரியாகாது என்றார்.

அவர் கணிப்பு பலித்தது. ராட்க்ளிஃபின் முதுநிலைப் பள்ளி ஹார்வர்டோடு இணைந்தது 1963இல். 1927இல், ஹார்வர்டில் படித்துப் புகழ்பெற்றிருந்த உளவியலாளர்களும் தத்துவவாதிகளும் கால்கின்ஸுக்கு இப்போதாவது பட்டம் கொடுங்கள் என்று மனு கொடுத்தார்கள். அதற்கான போதிய காரணம் இல்லை என்று ஹார்வர்ட் சொல்லிவிட்டது. அதற்குள் அவர் உளவியல் சங்கத்துக்கு மட்டுமல்லாமல், 1918இல் அமெரிக்கத் தத்துவச் சங்கத்துக்கும் தலைவராக இருந்து முடித்திருந்தார். 1930இல், அந்தப் பட்டம் இல்லாமலேயே இறந்தார்.

முதன்முறை இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஏற்றுக்கொண்டவள் அல்லவா? பிறகு, ஏற்றுக்கொண்ட மூவரில் ஒருவரான எத்தல் பஃபரைப் பற்றியும் படித்தேன். அவரும் உளவியல்காரர். ஜெர்மனியில் மூன்ஸ்டர்பெர்கிடம் படித்து, அவர் பின்னாலேயே ஹார்வர்டுக்கு வந்து, 1898இல் ஆய்வை முடித்தவர். ராட்க்ளிஃப் பட்டத்தை வாங்கினார். 1908இல் அவருக்குத் திருமணம். அந்தச் செய்தி வெளியே கசிந்தபோதே அவருக்கு வரவிருந்த ஒரு வேலை வாய்ப்பு நழுவியது. திருமணமான பெண்ணுக்குக் கல்லூரிப் பணி இல்லை என்பது எழுதாத சட்டம். பின்னாளில், குடும்பத்தையும் தொழிலையும் பெண்கள் எப்படிச் சேர்த்து நடத்த முடியும் என்பதையே ஆய்வுப் பொருளாக்கி, 1925இல் ஸ்மித் கல்லூரியில் ஒரு நிறுவனத்தை நடத்தினார்.

கால்கின்ஸுக்கு மறுக்க முடிந்தது. வெல்லஸ்லியில் பேராசிரியர் பதவி இருந்தது. கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. பட்டம் இல்லாவிட்டாலும் சம்பளம் நிற்காது. அதனால் அவருடைய மறுப்பின் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் வாங்கிக்கொண்டவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அந்த இரண்டு வழிகளையும் போட்டது ஹார்வர்ட் நிர்வாகம். ஆண்களில் எவருக்கும் அப்படி ஒரு தேர்வை அது வைக்கவில்லை.

*

மூன்றாவது வழியும் இருந்தது: ஊரை விட்டுப் போவது. மார்கரெட் ஃப்ளாய் வாஷ்பர்ன் கொலம்பியாவில் ஜேம்ஸ் மக்கீன் கேட்டலிடம் படிக்க விரும்பினார். வகுப்பைக் ‘கேட்பவராக’ மட்டும் உட்கார வைத்தார்கள். கேட்டல் அவரை மதித்தார். அதனாலேயே, இங்கே உனக்குப் பட்டம் கிடைக்காது, கார்னெலுக்குப் போ என்றார். பெண்களைச் சேர்த்து, பட்டமும் உதவித்தொகையும் தந்த இடம் அது. வாஷ்பர்ன் போனார். 1894இல், உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். கார்னெலில் அவருடைய நெறியாளர் எட்வர்ட் டிச்னர்; டிச்னரின் முதல் முனைவர் மாணவரும் அவர்தான்.

அதே டிச்னர் 1904இல் சோதனை உளவியலாளர்களுக்கென்று ஒரு வட்டத்தைத் தொடங்கினார். அதில் பெண்களுக்கு இடமில்லை. ஆண்கள் புகைபிடித்துக்கொண்டு தாராளமாகப் பேச வேண்டுமாம். லாட்-ஃபிராங்க்ளின் அவருக்குக் கடுமையாக எழுதினார், பயனில்லை. 1927இல் டிச்னர் இறந்த பிறகு, 1929இல் அந்த அமைப்பைத் திருத்தியமைத்தபோதுதான் பெண்களைச் சேர்த்தார்கள். சேர்ந்தவர்களில் வாஷ்பர்னும் ஒருவர். அதற்குள் அவர் ‘விலங்கு மனம்’ என்ற நூலை எழுதி (1908), உளவியல் சங்கத் தலைவராகவும் (1921) இருந்துவிட்டார். சரியான பெயரில், சரியான இடத்தில் பட்டம் வாங்கியவருக்கும் இதுதான் நிலை.

நிறவெறியும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மேமி ஃபிப்ஸ் கிளார்க்கின் வாழ்க்கை இருக்கிறது. கறுப்பினக் குழந்தைகள் தங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு செய்தவர் அவர். முனைவர் ஆய்வுக்குக் கொலம்பியாவில் ஹென்றி காரெட்டிடம் சேர்ந்தார். காரெட் இனப் பிரிவினையை ஆதரித்தவர். அவரிடமே படித்து, குழந்தைகளை வளர்த்துக்கொண்டே, 1943இல் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் கழித்து, வர்ஜீனியாவில் பள்ளிப் பிரிவினை வழக்கு நடந்தபோது, காரெட் பிரிவினையின் பக்கம் சாட்சி சொன்னார். மேமி எதிர்ப்பக்கம் சாட்சி சொன்னார். பொம்மைகளைக் கொண்டு அவரும் கணவர் கென்னத்தும் செய்த ஆய்வு, 1954இல் பள்ளிப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய தீர்ப்பில் பங்கு வகித்தது. பட்டம் பெற்ற பிறகு அவருக்கு ஏற்ற வேலை எளிதில் கிடைக்கவில்லை. 1946இல் ஹார்லெமில் குழந்தைகளுக்கான மனநல மையத்தைத் தானே கணவருடன் தொடங்கினார்.

*

மாணவிகளின் நோட்டில் இருக்கும் பத்திகளும் வரலாற்றிலிருந்து வந்தவைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின், திரும்பிய படைவீரர்களுக்குச் சிகிச்சை தர உளவியலாளர்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். 1949இல் கொலராடோவின் போல்டரில் கூடிய மாநாடு, சிகிச்சை செய்பவரும் முதலில் ஆய்வாளராகப் பயிற்சி பெற வேண்டும் என்றது. பிஎச்.டி.யே அதற்கான வழி ஆனது. ஆய்வில் விருப்பமில்லாமல் சிகிச்சையில் மட்டும் ஈடுபட விரும்புவோருக்குத் தனிப் பட்டம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. இலினாய் பல்கலைக்கழகம் 1968இல் சை.டி. படிப்பைத் தொடங்கியது; 1973இல் வேல் மாநாடு அந்த வழியை ஏற்றது. அங்கே பிஎச்.டி. மாணவர்களுக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் உண்டு. சை.டி.க்குப் பெரும்பாலும் சொந்தப் பணம் கட்ட வேண்டும். எனவே ‘எது உயர்ந்தது’ என்பதை விட, ‘யார் பணம் கட்டுவது’ என்று முதலில் கேட்கச் சொல்வேன்.

நம் நாட்டில் கணக்கு வேறு. உளவியலில் பிஎச்.டி. வாங்கிவிட்டால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிடலாம் என்று நினைத்து ஐந்து ஆண்டுகளைச் செலவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த படிப்பும், மேற்பார்வையுடன் நோயாளிகளோடு பெற்ற பயிற்சியும் இருந்தால்தான் அந்தப் பெயர். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் அதையே சொல்கிறது. நெடுங்காலம் அந்த வழி இரண்டாண்டு எம்.ஃபில். மன்றம் அங்கீகரித்த சை.டி.யும் சில இடங்களில் உண்டு. யுஜிசி 2022இல் எம்.ஃபில்லை நிறுத்தியது; பின்னர் கிளினிக்கல் சைக்காலஜிக்குச் சில ஆண்டுகள் விலக்குத் தந்தது. ஆகவே சேரும் ஆண்டில் எந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று மன்றத்தின் பட்டியலைப் பார்க்காமல் யாரும் பணம் கட்டக் கூடாது. கல்லூரியில் கற்பிக்கவும் ஆய்வு செய்யவும் வேண்டுமென்றால் பிஎச்.டி.; அது உளவியல் என்ற பெயரிலேயே இருக்க வேண்டும். “தலைப்பு ஒன்றுதானே” என்று யாராவது சொன்னால், என்னிடம் திரும்பி வந்த அந்த ஒற்றை வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

தூரம் என்ற அந்த நான்காவது பத்தியை அழித்துவிடு என்று நான் மாணவிகளிடம் சொல்வதில்லை. விடுதிக் கட்டணம், இரவுப் பயணம், தம்பியின் படிப்பு, அடுத்த ஆண்டு பெண் பார்க்க வருவார்கள் என்ற பேச்சு எல்லாம் உண்மை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு அவை இன்னும் பெரியவை. அந்தப் பத்தியை யார் எழுதியது என்று பார் என்று மட்டும் சொல்கிறேன். நீயே எழுதியிருந்தால் அதற்கு மதிப்பெண் போடு. வேறொருவர் எழுதி உன் கையில் கொடுத்திருந்தால், மற்ற மூன்றையும் முதலில் முடித்துவிட்டு அதற்கு வா.

சென்ற ஆண்டு வந்த மாணவியின் அப்பா என்னைப் பார்க்க வந்தார். பக்கத்து ஊர்க் கல்லூரியில் வேறொரு பாடத்தில் பிஎச்.டி. இடம் இருப்பதாகவும், அதுவும் டாக்டர் பட்டம்தான் என்றும் சொன்னார். நான் என் பட்டத்தைப் பற்றிச் சொன்னேன். திரும்பி வந்த விண்ணப்பத்தைக் காட்டினேன். மகளுக்காக ஹார்வர்டுக்கு மனு எழுதிய ஒரு தகப்பனைப் பற்றியும் சொன்னேன். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ஊர்ல ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு மாசம் எவ்வளவு ஆகும்மா?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.